நர்ஸ் படிப்பும் நம் வீட்டுக் கணக்கும்

(போசரியில் நமது சங்கம் கூட்டிய பெற்றோர் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரை. வர இயலாத உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டதன் பேரில் இங்கே வெளியிடுகிறோம்.)



ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைமை விட்டுவிட்டு இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள். ஓவர்டைமை விட்டு வருவதென்றால் என்னவென்று எங்களுக்குத் தெரியும். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

நம் சாலில் எந்த வீட்டுப் பெண்ணைக் கேட்டாலும், "என்ன படிக்கப் போகிறாய்?" என்றால் "நர்ஸ்" என்கிறாள். அதில் வியப்பில்லை. கம்பெனியில் கை நசுங்கி வந்த அப்பாவுக்குக் கட்டுப் போட்டவள் ஒரு நர்ஸ். பிரசவத்துக்குப் போன அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டவள் ஒரு நர்ஸ். 1897-ல் இந்தப் புனேயில் பிளேக் பரவியபோது, மகன் யஷ்வந்துடன் சேர்ந்து நோயாளிகளைத் தூக்கிச் சுமந்து பணி செய்து, அதே பிளேக்குக்கு மார்ச் 10-ஆம் தேதி பலியானார் சாவித்திரிபாய் புலே. அந்த அம்மையார் நடந்த மண்ணில் நம் பெண்கள் இந்தத் தொழிலைக் கேட்பது நமக்குப் பெருமைதான்.

ஆனால் பெருமையைக் கொண்டுபோய்க் கல்லூரிக் கவுண்டரில் கட்ட முடியாது. ஆகவே கணக்கைப் பார்ப்போம்.

ஜூன் மாதம் வந்தால் நம் தெருக்களில் ஏஜெண்டுகள் வருகிறார்கள். சுத்தமான தமிழில் பேசுகிறார்கள். நம் ஊர்ப் பக்கம்தான் என்கிறார்கள். "அண்ணே, வருஷம் அறுபதாயிரம்தான். நாலு வருஷம். படிப்பு முடிஞ்சதும் வெளிநாடு. இன்னும் ரெண்டு சீட்டுதான் இருக்கு" என்கிறார்கள். அறுபதாயிரத்தை நாலால் பெருக்கினால் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம். ஊரில் இருக்கும் அரை ஏக்கரை அடகு வைத்தால் சமாளிக்கலாம் என்று நம் ஆள் மனத்துக்குள் கணக்குப் போட்டுவிடுகிறான்.

அப்படிச் சேர்ந்த ஒரு வீட்டின் ரசீதுகளை வாங்கி நாங்கள் கூட்டிப் பார்த்தோம். பெயர் வேண்டாம், எம்.ஐ.டி.சி.யில் வெல்டராக இருக்கும் நம் உறுப்பினர் ஒருவரின் மூத்த மகள். கல்லூரி வேறொரு மாநிலத்தில். கட்டணம் ஏஜெண்டு சொன்னபடியே அறுபதாயிரம். அதில் பொய்யில்லை. விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் மாதம் ஐயாயிரத்து ஐந்நூறு, ஆண்டுக்குப் பதினொரு மாதம். ஆஸ்பத்திரிப் பயிற்சிக்குப் பஸ்ஸில் அழைத்துப் போக ஆண்டுக்குப் பன்னிரண்டாயிரம். யூனிபாரம், புத்தகம், பரீட்சைக் கட்டணம் எல்லாம் சேர்த்து ஆண்டுக்குப் பத்தாயிரம். போய் வர ரயில் செலவு நாலு ஆண்டுக்கும் இருபதாயிரம். ஏஜெண்டுக்கு முதலிலேயே ஐம்பதாயிரம். கூட்டினால் ஆறு லட்சத்து நாற்பதாயிரம். சொன்னது இரண்டு நாற்பது. வந்தது ஆறு நாற்பது. நாலு லட்ச ரூபாய் வித்தியாசம் எங்கே ஒளிந்திருந்தது? ஏஜெண்டு காட்டிய தாளின் பின்பக்கத்தில்.

பணம் போனது ஒரு பாதிதான். இரண்டாம் ஆண்டில்தான் அந்தப் பெண்ணுக்கு விவரம் தெரிந்தது: கல்லூரியின் சொந்த ஆஸ்பத்திரி என்று படத்தில் காட்டியதில் நோயாளிகளே இல்லை. ஊசி போடக் கற்றுக்கொண்டது பொம்மையின் கையில். வேறு இடம் மாறலாம் என்று கேட்டபோது, மீதி இரண்டு ஆண்டுக் கட்டணத்தையும் கட்டினால்தான் மார்க் ஷீட்டும் எல்.சி.யும் கிடைக்கும் என்று சொல்லிவிட்டார்கள். சான்றிதழ் விற்பனைச் சரக்கல்ல, பாக்கிக்காக அதைப் பிடித்து வைக்கக் கல்லூரிக்கு உரிமை இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் கூறியிருக்கிறது. ஆனால் நீதிமன்றத்துக்குப் போக வெல்டருக்கு லீவு கிடைக்குமா?

இது தனியொரு வீட்டுக் கதை என்று நினைக்க வேண்டாம். மத்தியப் பிரதேசத்தில் நடந்ததைப் பாருங்கள். அங்கே நர்ஸிங் கல்லூரிகள் காளான் போல முளைத்து, கட்டடம் இல்லாமலும் ஆசிரியர் இல்லாமலும் நடப்பதாக வழக்குப் போனது. உயர் நீதிமன்றம் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டது. முந்நூறுக்கு மேற்பட்ட கல்லூரிகளைப் பார்த்ததில் அறுபதுக்கு மேற்பட்டவை அறவே தகுதியற்றவை என்று வந்தது. அதற்கு மேலும் ஒரு கூத்து: நல்ல அறிக்கை எழுதிக் கொடுக்க லஞ்சம் வாங்கினார்கள் என்று, விசாரிக்கப் போன சி.பி.ஐ. அதிகாரிகளே 2024 மே மாதத்தில் கைதானார்கள். இதற்கிடையில் மாணவிகளுக்குப் பரீட்சைகள் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போயின. காவலுக்குப் போனவனே கதவைத் திறந்துவிட்டால் வீட்டுக்காரன்தான் விழித்திருக்க வேண்டும்.

சரி, பிறகு எங்கேதான் சேர்ப்பது என்று கேட்கிறீர்கள். அதைச் சொல்வதற்கு முன்பு காகிதத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும். நம்மைப் போல் பிழைக்க வந்தவர்களுக்குக் குறைந்த செலவுக் கல்லூரி எது என்பதை மார்க்கை விடக் காகிதம்தான் தீர்மானிக்கிறது. இதைப் பலர் தெரிந்துகொள்வது மகள் அழும் நாளில்தான்.

நாம் எந்த மாநிலத்துக்காரர்கள்? இங்கே கேட்டால் "மதராசி". ஊருக்குப் போனால் "பம்பாய்க்காரன்". காகிதத்திலும் அதே கதிதான். மகாராஷ்டிரத்தில் மாநில ஒதுக்கீட்டு இடத்துக்கு டொமிசைல் சான்றிதழ் கேட்பார்கள். பதினைந்து ஆண்டுகள் இங்கே குடியிருந்ததைக் காட்ட வேண்டும். இருந்திருக்கிறோம், இருபது முப்பது ஆண்டுகளாக இருக்கிறோம். ஆனால் மூன்று ஆண்டுக்கு ஒரு வீடு மாறி, வாடகை ஒப்பந்தம் எழுதாத வீட்டுக்காரர்களிடம் குடியிருந்து, ரேஷன் கார்டை ஊரிலேயே வைத்துக்கொண்டிருக்கிற நம்மிடம் அதற்குச் சாட்சி எங்கே? பிள்ளையின் பள்ளிப் பதிவு ஒன்றுதான் பல வீடுகளில் நல்ல சாட்சி. ஒன்றாம் வகுப்பிலிருந்து உள்ள எல்லாப் பள்ளிச் சான்றுகளையும் பத்திரப்படுத்துங்கள். பழைய மின்கட்டண ரசீதைக் கிழித்து அடுப்பு பற்ற வைக்காதீர்கள்.

சாதிச் சான்றிதழ் விஷயம் இன்னும் கசப்பானது. ஊரில் எஸ்.சி. என்று சான்றிதழ் வைத்திருக்கும் குடும்பம் இங்கே வந்தால், மகாராஷ்டிர அரசின் இடத்துக்கு அது செல்லாது. ஆந்திரத்திலிருந்து சிறு வயதில் தகப்பனாரோடு பம்பாய்க்கு வந்த ஒரு பழங்குடி மாணவருக்குச் சேத் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரியில் இடம் மறுக்கப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1990-ல் தீர்ப்பு: ஒரு மாநிலத்தில் பட்டியலில் இருப்பவர் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அங்கே அந்த உரிமையைக் கோர முடியாது. மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கு என்று அதைச் சொல்வார்கள். மகாராஷ்டிர அரசு சான்றிதழுக்கு நாளும் குறித்து வைத்திருக்கிறது. எஸ்.சி. என்றால் 1950 ஆகஸ்ட் 10-க்கு முன்பே குடும்பம் இங்கே இருந்திருக்க வேண்டும். ஓ.பி.சி. என்றால் 1967 அக்டோபர் 13. போசரியில் ஷெட்டுகள் எழும்பி, நம் பெரியவர்கள் மூட்டை முடிச்சோடு வந்து இறங்கியதெல்லாம் எப்போது? நம்மில் யார் 1950-ல் இங்கே இருந்தோம்?

எல்லை தாண்டினால் தீண்டாமை போய்விடுகிறதா? தண்ணீர்க் குழாயடியில் போகவில்லை, வாடகை வீடு தேடும்போது போகவில்லை. கல்லூரி விண்ணப்பத்தில் மட்டும் போய்விடுகிறது. இதை மாற்ற வேண்டும் என்று குரல் கொடுப்பது சங்கத்தின் வேலை. கொடுத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் சட்டம் மாறும் வரை உங்கள் மகள் காத்திருக்க முடியாது. ஆகவே இருப்பதை வைத்து எந்தெந்த வாசல் திறக்கும் என்று பார்ப்போம்.

மத்திய அரசு நிறுவனங்களில் ஊர்ச் சான்றிதழ் செல்லும். எய்ம்ஸ், புதுச்சேரி ஜிப்மர் போன்றவை அவை. கட்டணம் மிகவும் குறைவு. போட்டி மிகவும் கடுமை. எய்ம்ஸுக்குத் தனி நுழைவுத் தேர்வு. ஜிப்மருக்கு நீட்.

நீட் என்றதும், "அது டாக்டருக்குத்தானே?" என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. இங்கேதான் நம் பெண்கள் பலர் ஏமாந்து போகிறார்கள். நம் போசரியிலிருந்து பஸ் ஏறினால் போய்விடக்கூடிய தூரத்தில், வானவடியில் ராணுவ மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஏ.எஃப்.எம்.சி. என்பார்கள். அங்கே நாலு ஆண்டு பி.எஸ்ஸி. நர்ஸிங் இருக்கிறது. படிப்பு இலவசம். தங்குமிடம், சாப்பாடு, யூனிபாரத்துக்குப் பணம், கைச்செலவுக்கு உதவித்தொகை எல்லாம் உண்டு. முடித்ததும் ராணுவ நர்ஸிங் சேவையில் அதிகாரியாக வேலை. வேலை செய்வதாகப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். இதே போல் மும்பை அஸ்வினி கப்பற்படை மருத்துவமனை, பெங்களூர், கல்கத்தா, லக்னோ, டில்லி என்று மொத்தம் ஆறு இடங்கள். மணமாகாத பெண்களுக்கு மட்டும். பன்னிரண்டாவதில் பௌதிகம், ரசாயனம், உயிரியல், ஆங்கிலம் வேண்டும். 2022-லிருந்து இதற்கும் நீட் மதிப்பெண் பார்த்துத்தான் கூப்பிடுகிறார்கள். அதற்குப் பிறகு அவர்களுடைய தேர்வு, நேர்முகம், மருத்துவப் பரிசோதனை. பாடுபட்டால் கிடைக்கும். ஆனால் நீட் விண்ணப்பம் போடாதவளுக்குக் கிடைக்கவே கிடைக்காது. விண்ணப்பம் பன்னிரண்டாவது ரிசல்ட்டுக்குப் பல மாதம் முன்பே முடிந்துவிடுகிறது. ரிசல்ட் வரட்டும், பார்க்கலாம் என்று உட்கார்ந்திருந்தால் ஜூனில் நமக்கு மிஞ்சுவது ஏஜெண்டு ஒருவன்தான்.

மகாராஷ்டிர அரசின் வாசலும் அப்படியே. பி.எஸ்ஸி. நர்ஸிங்குக்கு மாநில சி.இ.டி. செல் தேர்வு நடத்துகிறது. அதற்கும் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். சசூன் மருத்துவமனை போன்ற அரசு இடங்களுக்கு மார்க் அதிகம் தேவைப்படும். தனியார் கல்லூரி என்றாலும், தேர்வு எழுதி மாநிலத்தின் பொது ஒதுக்கீட்டில் சேர்வது வேறு, கல்லூரி வாசலில் பேரம் பேசி மேனேஜ்மெண்ட் சீட்டில் சேர்வது வேறு. 2015 சட்டப்படி ஒவ்வொரு தனியார் கல்லூரிக்கும் இவ்வளவுதான் கட்டணம் என்று கட்டண ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயிக்கிறது. அது எல்லோரும் பார்க்கக்கூடிய பட்டியல். நன்கொடை வாங்குவது இந்த மாநிலத்தில் 1987-லிருந்தே சட்டப்படி குற்றம். அதோடு, 2024 ஜூலையில் ஓர் அரசாணை வந்தது. ஆண்டு வருமானம் எட்டு லட்சத்துக்குள் இருக்கும், பொருளாதாரத்தில் பின்தங்கிய மற்றும் பிற்பட்ட பிரிவுக் குடும்பங்களின் பெண்கள் பொது ஒதுக்கீட்டின் வழியாகத் தொழிற்கல்வியில் சேர்ந்தால், படிப்புக் கட்டணம் முழுவதையும் அரசு ஏற்கிறது. நம் பிள்ளை இதில் எந்தப் பிரிவில் வருவாள் என்பது மறுபடியும் அந்த டொமிசைலையும் வருமானச் சான்றையும் பொறுத்தது. மேனேஜ்மெண்ட் சீட்டில் சேர்ந்தவளுக்கு இது கிடையாது. ஆக, ஏஜெண்டு "கஷ்டமில்லாமல்" வாங்கித் தரும் சீட்டு, கிடைத்திருக்கக்கூடிய சலுகையையும் சேர்த்து வெட்டிவிடுகிறது.

தமிழ்நாட்டுக்கு அனுப்பலாமா? தாராளமாக. 1871-லேயே சென்னைப் பொது மருத்துவமனையில் நர்ஸ் பயிற்சி தொடங்கிய நாடு அது. வேலூர் சி.எம்.சி.யில் 1946-லேயே பட்டப்படிப்பு வந்துவிட்டது. அங்கே பி.எஸ்ஸி. நர்ஸிங் அரசு இடங்களுக்கு நுழைவுத் தேர்வு கிடையாது. பன்னிரண்டாவது மார்க்கை வைத்துத் தேர்வுக் குழு கலந்தாய்வு நடத்துகிறது. சென்னை, மதுரை, சேலம், செங்கல்பட்டு என்று அரசுக் கல்லூரிகள் இருக்கின்றன. 2023-ல் மத்திய அரசு நாடு முழுவதும் 157 புதிய நர்ஸிங் கல்லூரிகளுக்கு அனுமதி தந்தபோது தமிழ்நாட்டுக்குப் பதினொன்று வந்தது. ஊர்ச் சாதிச் சான்றிதழ் அங்கே முழுமையாகச் செல்லும். ஆனால் வெளி மாநிலத்தில் படித்த பிள்ளை தாசில்தாரிடம் பிறப்பிடச் சான்று வாங்கித் தர வேண்டும். அதற்கு ஊரில் வீட்டு வரி ரசீதோ, தாத்தாவின் பட்டாவோ ஏதாவது ஒரு வேர் இருக்க வேண்டும். அங்கேயும் இங்கேயும் ஒரே நேரத்தில் "நான் இந்த மாநிலத்துக்காரி" என்று எழுதிக் கொடுக்காதீர்கள். பின்னால் இரண்டும் போய்விடும். 2022-ல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் ஆயிரம் ரூபாயும் நம் பெண்களுக்குக் கிடைக்காது. ஆறாவதிலிருந்து தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியிலோ படித்திருக்க வேண்டும் என்பது விதி. நம் பெண்கள் படித்தது இங்கே. யார் மீது கோபப்படுவது?

இன்னொரு வாசலைப் பலர் கேள்விப்பட்டதே இல்லை. உங்கள் சம்பளத்தில் மாதாமாதம் இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களே, அந்தக் கழகம் மருத்துவக் கல்லூரிகளும் நர்ஸிங் கல்லூரிகளும் நடத்துகிறது. குல்பர்கா என்று நாம் சொல்லும் கலபுர்கியிலும் பெங்களூர் இந்திராநகரிலும் நர்ஸிங் கல்லூரி உண்டு. காப்பீடு பெற்ற தொழிலாளியின் பிள்ளைகளுக்கென்று தனி இடம் வைத்திருக்கிறார்கள். இந்த இடத்துக்குச் சாதிச் சான்றைவிட முதலில் கேட்பது உங்கள் சந்தா பதிவை. ஆகவே காண்ட்ராக்டர் உங்கள் பெயரில் உண்மையிலேயே பணம் கட்டுகிறானா, ஒவ்வொரு முறை காண்ட்ராக்ட் மாறும்போதும் புது நம்பர் போட்டுப் பழையதைத் தொலைக்கிறானா என்று பாருங்கள். சிறு தாளில் எழுதித் தரும் சம்பளத்துக்கு இ.எஸ்.ஐ. இல்லாமல் இருந்துவிட்டால், மருந்து மட்டுமல்ல, மகளின் சீட்டும் சேர்ந்து போகிறது.

பி.எஸ்ஸி.க்கு அறிவியல் பாடங்களில் நாற்பத்தைந்து சதவீதம் வேண்டும். ஆர்ட்ஸோ காமர்ஸோ படித்த பெண் மனம் உடைய வேண்டியதில்லை. மூன்று ஆண்டு ஜி.என்.எம். டிப்ளமோவுக்கு எந்தப் பிரிவில் பன்னிரண்டாவது முடித்திருந்தாலும், ஆங்கிலத்தோடு நாற்பது சதவீதம் இருந்தால் போதும். அவளும் பதிவு பெற்ற நர்ஸ்தான். பிறகு வேலை பார்த்துக்கொண்டே சேமித்து, இரண்டு ஆண்டு போஸ்ட் பேசிக் படித்தால் அதே பி.எஸ்ஸி. பட்டம். அரசு ஆஸ்பத்திரியோடு சேர்ந்த பள்ளியில் ஜி.என்.எம். கிடைத்தால், ஆஸ்பத்திரியே இல்லாத கல்லூரியின் பி.எஸ்ஸி.யை விட அதைத்தான் எடுக்கச் சொல்வோம். "டிகிரி" என்ற சொல்லுக்காக மூன்று லட்சம் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம். ஆறு மாதத்தில் நர்ஸ் ஆக்குகிறோம் என்று போர்டு மாட்டியிருக்கும் இடங்களைத் திரும்பியும் பார்க்காதீர்கள். அந்தச் சான்றுக்கு நர்ஸிங் கவுன்சில் பதிவு கிடையாது. பதிவு இல்லாவிட்டால் ஆயாச் சம்பளம்தான்.

எந்தக் கல்லூரியானாலும் சேரும் முன்பு ஒரு நாள் லீவு போட்டு நேரில் போய்ப் பாருங்கள். கட்டடத்தின் கண்ணாடியைப் பார்க்காதீர்கள், ஆஸ்பத்திரியின் கட்டில்களைப் பாருங்கள். நூறு படுக்கையாவது உள்ள தாய் மருத்துவமனை வேண்டும், ஒரு மாணவிக்கு மூன்று நோயாளிகளாவது இருக்க வேண்டும் என்று இந்திய நர்ஸிங் கவுன்சில் விதி வகுத்தது. காலையில் ஓ.பி. வரிசையில் ஆள் நிற்கிறதா? கட்டில்களில் ஆள் படுத்திருக்கிறார்களா? வாசல் டீக்கடையில் யூனிபாரத்தோடு நிற்கும் மூன்றாம் ஆண்டுப் பெண்ணிடம், "தங்கச்சி, உங்களை வார்டுக்கு விடுகிறார்களா, முதல் வருஷம் மொத்தம் எவ்வளவு கட்டினாய்?" என்று நம் பெண்கள் கேட்கட்டும். ஆபீசில் கிடைக்காத பதில் அங்கே கிடைக்கும். அந்த மாநில நர்ஸிங் கவுன்சிலின் பட்டியலில் கல்லூரி பெயர் இருக்கிறதா, எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது என்பதையும் பாருங்கள். மகாராஷ்டிரம் என்றால் நாசிக் சுகாதார அறிவியல் பல்கலைக்கழகம், தமிழ்நாடு என்றால் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம்.

கடன் பற்றியும் சொல்ல வேண்டும். வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டப்படி நாலு லட்சம் வரை சொத்து ஜாமீன் கேட்கக் கூடாது. மேனேஜர் வீட்டுப் பத்திரம் கேட்டால் எழுத்தில் கேளுங்கள். ஆனால் கடன் வாங்கும் முன்பு, முடித்ததும் என்ன சம்பளம் என்று யோசியுங்கள். 2016-ல் உச்ச நீதிமன்ற உத்தரவையொட்டி அமைந்த நிபுணர் குழு, ஐம்பது படுக்கைக்குக் குறைவான தனியார் ஆஸ்பத்திரியிலும் நர்ஸுக்கு மாதம் இருபதாயிரத்துக்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. பரிந்துரை காகிதத்தில் இருக்கிறது. கேரளத்து நர்ஸுகள் தெருவில் இறங்கிப் போராடித்தான் 2018-ல் அந்த இருபதாயிரத்தை அரசாணையாக வாங்கினார்கள். 2014 ஜூலையில் இராக்கின் திக்ரித்தில் சண்டைக்கு நடுவே சிக்கி மீண்டு வந்த நாற்பத்தாறு இந்திய நர்ஸுகளை நினைத்துப் பாருங்கள். பெரும்பாலோர் கேரளத்துப் பெண்கள். குண்டு விழும் ஊரில் அவர்களை நிறுத்தி வைத்ததில் படிப்புக் கடனுக்கும் பங்கு உண்டு. எனவே கடனை மகளின் தலையில் எவ்வளவு குறைவாக ஏற்றுகிறோமோ, அவ்வளவுக்கு அவள் "இந்தச் சம்பளத்துக்கு வர மாட்டேன்" என்று சொல்ல முடியும்.

பையன்களும் படிக்கலாமா என்று பின்வரிசையிலிருந்து ஒரு தம்பி சீட்டு அனுப்பியிருக்கிறான். ராணுவ வாசல் ஒன்றைத் தவிர மற்றவை பெரும்பாலும் உனக்கும் உண்டு, தம்பி. சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

அடுத்த ஞாயிறு முதல் நாலு வாரம் காலை பத்து மணியிலிருந்து சங்க அலுவலகத்தில் நாங்கள் உட்கார்ந்திருப்போம். பிள்ளையின் பள்ளிச் சான்றுகள், ரேஷன் கார்டு, ஆதார், ஊர்ச் சாதிச் சான்று, மின்கட்டண ரசீதுகள், அப்பாவின் இ.எஸ்.ஐ. கார்டு இவற்றை ஒரு பையில் போட்டுக் கொண்டு வாருங்கள். பதினொன்றாவது படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் முதலில் வாருங்கள். உங்களுக்கு நேரம் இருக்கிறது. டொமிசைல் விண்ணப்பத்தை மராத்தியில் எழுத நம் கல்லூரி மாணவர்கள் மூன்று பேர் இருப்பார்கள். காலை ஷிப்ட்காரர்கள் மாலை ஐந்துக்கு மேல் வந்தாலும் போதும். ஏஜெண்டு யாராவது அட்வான்ஸ் கேட்டிருந்தால், அவர் கொடுத்த தாளையும் மறக்காமல் கொண்டு வாருங்கள்.